மாமாவின் மூலையில் இன்வெர்ட்டர்

இன்வெர்ட்டர் யாருக்காக வாங்கினீர்கள் என்று யாராவது கேட்டால், "மாமாவுக்காகத்தான்" என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா என்றால் என் கணவரின் அப்பா. வயதானவர், சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் எப்படித் தூங்குவார் என்று நான் சொல்லச் சொல்ல, கேட்பவர்கள் உருகிப்போவார்கள். எனக்கும் அந்த நேரத்துக்கு நல்ல மருமகளாக ஆகிவிட்ட மாதிரி இருக்கும். உண்மையில் அது வந்தது என் கம்ப்யூட்டருக்காக. எனக்கும் தெரியும், கணவருக்கும் தெரியும். மாமாவுக்கும் தெரிந்திருக்கும் என்பதுதான் அப்போதே உறுத்தியது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் முதல் மாடியில் எங்கள் வீடு. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டுக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. இரண்டாயிரத்துப் பத்துக்கு முந்தைய அந்த வருடங்களில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊருக்குள் இருப்பவர்களுக்கு ஒரு நியாயம், எங்களைப் போல ஓரத்தில் இருப்பவர்களுக்கு வேறு நியாயம். முதலில் ஒரு சின்ன யூ.பி.எஸ். வைத்திருந்தோம். கரண்ட் போனதும் கீ கீ என்று கத்தும். அது கத்தி ஓய்வதற்குள் ஃபைலைச் சேமித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். அப்புறம் வேலை ஓடாது. நான் செல்போனை எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலோரம் போய் நின்று, ஊரப்பாக்கத்தில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போடுவேன்.

கணவர் பால்கனிக்குப் போவார். அங்கே மாமா ஏற்கெனவே தன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில், தகடு வெட்டும் பிரஸ் மிஷின்களுக்கு நடுவே உழைத்துக் காதைக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். காது மிஷின் வாங்கித் தந்திருந்தோம். அதை மாட்டினால் ஃபேன், மிக்ஸி, டி.வி., கீழ்வீட்டு மோட்டார் எல்லாம் சேர்ந்து இரைகிறது என்று பாதி நேரம் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அவரிடம் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். கத்திப் பேசினால் என்ன பேசினாலும் சண்டை போடுவது போலிருக்கும். அதனால் சாப்பாடு, மாத்திரை, பேங்க் என்று அவசியமானதைக் கத்திவிட்டு, மற்றதையெல்லாம் அவருக்குப் பக்கத்திலேயே நின்று, அவர் இல்லாதது போல நாங்கள் பேசிக்கொள்வோம்.

கரண்ட் போன நேரத்தில் மட்டும் எதிர்வீட்டு அக்கா அந்தப் பால்கனிக்கு வருவார். அவருடைய கணவருக்குப் பல்லாவரத்தில் தோல் பை வியாபாரம். மாமாவுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை என்றால் உயிர். "இந்த வாரம் புறா நிறைய வந்துச்சாம்மா?" என்று ஆரம்பித்தால் பழைய சைக்கிள், ரோஜாச்செடி, டிரான்சிஸ்டர் என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். சமையலறையிலிருந்து எனக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கும். கிழவருக்குப் பொழுது போகிறது என்று நினைத்துக்கொள்வேனே தவிர, மற்ற நேரத்தில் வாயே திறக்காதவர் இப்போது மட்டும் எப்படி இவ்வளவு பேசுகிறார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இன்வெர்ட்டர் வாங்க சேலையூர் கேம்ப் ரோட்டுக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு ரகம் காட்டினார். "இது சைன் வேவ் சார், கரண்ட்ல ஓடுற மாதிரியே சத்தமில்லாம ஓடும். அது ஸ்கொயர் வேவ், விலை கம்மி. ஃபேன் மட்டும் லேசா உறுமும். மத்தபடி ஒண்ணுமில்ல."

கணவர் என்னைப் பார்த்தார். "உறுமினா உறுமட்டும். யார் காதுல விழப்போகுது" என்றேன். கடைக்காரர்கூடச் சிரித்தார்.

மெக்கானிக் வந்து எந்தெந்த பாயிண்டுக்கு லைன் கொடுக்க வேண்டும் என்று கேட்டபோதும் நானே முந்திக்கொண்டேன். கம்ப்யூட்டர், ஹால் ஃபேன், ஹால் ட்யூப் லைட், டி.வி. அதற்கு மேல் தாங்காது என்றார். பேட்டரியிலிருந்து ஆவி வரும், காற்றோட்டமான இடமாக வேண்டும், மழைத்தண்ணீரும் படக்கூடாது என்றார். அப்படி எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு இடம்தான், மாமாவின் பால்கனி மூலை. பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஹால் ஃபேனுக்கு நேர் கீழே போட்டேன். "இனிமே காத்து நேரா உங்க மேலதான் மாமா" என்று கத்தினேன். அவர் நாற்காலியைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், பிறகு சரி என்று தலையாட்டினார்.

அதற்கப்புறம் கரண்ட் போனால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என் கம்ப்யூட்டர் ஓடியது. டி.வி.யில் சீரியல் ஓடியது. ஃபேன், மூக்கடைத்த மனிதர் தூங்குவது போல உறுமிக்கொண்டே சுற்றியது. நாலு நாளில் எங்களுக்கு அது பழகிவிட்டது. எதிர்வீட்டு அக்கா வழக்கம்போல் வந்து எட்டிப் பார்த்தார். எல்லோரும் டி.வி. முன்னால் இருப்பதைப் பார்த்துவிட்டு, "பாருங்க பாருங்க, அப்புறமா வர்றேன்" என்று திரும்பிப் போனார். பிறகு வருவதை நிறுத்திவிட்டார். மாமா உறுமும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து டி.வி.யில் வாய்கள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஏதோ போலிருக்கும். காற்றாவது வருகிறதே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொள்வேன்.

இரண்டு மாதம்கூட இருக்காது, இன்வெர்ட்டர் நடுநடுவே அணைய ஆரம்பித்தது. கரண்ட் போய்க் கொஞ்ச நேரம் ஓடும், திடீரென்று வீடே இருண்டுவிடும். டைப் அடித்ததெல்லாம் போய்விடும். மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் பேட்டரி மூடிகளைத் திறந்து பார்த்தார், ஓடவிட்டும் பார்த்தார்.

"பேட்டரி சூப்பரா கீது மேடம். டிஸ்டில்டு வாட்டரும் கரெக்டா கீது. ஸ்விட்ச்சுதான் ஆஃப்ல கீது. யார்னா கை வெச்சிருப்பாங்க" என்றார்.

யார் கை என்று எனக்குப் புரிந்துவிட்டது. தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று மாமாதான் எதையாவது தொட்டிருப்பார் என்று முடிவு கட்டினேன். அன்றைக்கு மனதுக்குள் பொருமிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். நீளமான ஃபைல், முடியப்போகிற சமயம், இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்த மானிட்டர் அணைந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஹாலுக்கு வந்தேன். கணவர் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தார். பால்கனியில், இன்வெர்ட்டரை ஒட்டி, மாமா வெறும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். காதில் மிஷின் இருந்தது. நான் என்றைக்கும் பேசும் அதே குரலில்தான் பேசினேன்.

"காதுதான் போச்சு, இவருக்குப் புத்தியுமா போச்சு? எத்தனை தடவ அணைப்பாரு? சாயங்காலம் பூரா அடிச்சது போச்சுங்க."

"சரி விடு" என்றார் கணவர்.

"புத்தி இருக்கும்மா" என்றார் மாமா, பால்கனியிலிருந்து.

ஹாலுக்குள் ஃபேன் இல்லை, டி.வி. இல்லை. ஃப்ரிட்ஜ் அடங்கியிருந்தது. கீழ்வீட்டு மோட்டார் நின்றிருந்தது. தெருவே மூச்சை அடக்கியது போலிருந்தது. அந்த அமைதியில் நான் பேசியது ஒரு வார்த்தை விடாமல் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"நான்தாம்மா அணைச்சேன். கரண்ட் இல்லாதப்பதான் எனக்கு மனுஷங்க பேசறது கேக்குது. இது வந்ததுலேருந்து அதுவும் இல்ல, ஃபேன் வேற உறுமுது. யாராவது வெளிய வருவாங்க, ரெண்டு வார்த்தை கேக்கலாம்னு பார்த்தேன். உன் வேலை கெடும்னு எனக்குத் தோணல. தப்புதான்."

கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் தப்பு என்றதும் எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கடையில் நான் அடித்த ஜோக் ஞாபகத்துக்கு வந்தது. யார் காதில் விழப்போகிறது என்று கேட்டேனே, விழுந்தது அவர் ஒருவர் காதில்தான். யாரோ ஒரு டாக்டர் முணுமுணுப்பதைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டு எழுதுகிறவள், வீட்டில் இருக்கும் மனிதருக்கு என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக இன்வெர்ட்டரைச் சுவரோடு சுவராகத் தள்ளிவைத்தேன். நெருக்கி வைத்தால் பிரம்பு நாற்காலிக்கும் இடம் இருந்தது. முதலிலேயே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் கரண்ட் போனதும் ஃபைலைச் சேமித்தேன், என் கையாலேயே ஸ்விட்ச்சை அணைத்தேன், பால்கனியில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கணவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை.

"வேலை இல்லையாம்மா?"

"இல்ல மாமா" என்றேன். வேலை இருந்தது.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவராகவே ஆரம்பித்தார்.

"உங்க அக்காவுக்கு முட்டிவலி இப்ப எப்படிம்மா இருக்கு?"

அக்காவின் முட்டிவலியைப் பற்றி இந்த வீட்டில் நான் யாரிடமும் சொன்னதில்லை. போனில் அவளோடு பேசியதுதான். கரண்ட் போன நேரங்களில், சமையலறை ஜன்னலோரம் நின்று பேசியது. அந்த ஜன்னலுக்கும் இந்த நாற்காலிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். முட்டிவலியோடு அங்கே வேறு என்னென்ன பேசியிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவர் சாப்பிடும்போது போடும் சத்தம். பாத்ரூமை அவர் விட்டுவிட்டு வரும் லட்சணம். செவிட்டுக் கிழவரோடு குடித்தனம் செய்வது சுவரோடு குடித்தனம் செய்வது மாதிரி என்று சொல்லிச் சிரித்தது. தன் மகள் வீட்டுக்கு எப்போதுதான் கிளம்புவாரோ என்று கேட்டது. அத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் மறுநாள் காலையில் என் கையால் காப்பி வாங்கிக் குடித்திருக்கிறார். அப்படிப்பட்ட பேச்சாவது காதில் விழட்டும் என்றா இந்த ஸ்விட்ச்சை அணைத்துக்கொண்டிருந்தார்?

"பரவாயில்ல மாமா" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவருக்குக் கேட்டுவிட்டது.

"சூடா நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லு" என்றார்.