அக்காவின் நாற்காலிக்குக் கரண்ட்

“...சார்ஜ் ஏற நேரம் எடுக்கும், அதனால நீங்க எல்லாரும் தண்ணிக் கரைக்குப் போயிட்டு வாங்க. வேணும்னா இந்தப் போத்தல்ல கொஞ்சம் தண்ணி மொண்டுட்டு வாங்க, நான் கையில வச்சுப் பாத்துக்கிறேன். ஆனா ஒருத்தரும் என்னையத் தூக்கக் கூடாது” என்று அக்கா சொல்லி நிறுத்தியபோது, காலை வெயில் கூடாரத்துத் துணியில் ஏறத் தொடங்கியிருந்தது.

அவள் நீட்டிய காலிப் போத்தலை நான் வாங்கவில்லை. வாங்கினால் அவள் சொன்னதற்கு ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவளே அதைத் தன் சக்கர நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய பையில் திரும்பப் போட்டாள். கைப்பிடியில் இருந்த பட்டன் பலகையில் பச்சை விளக்குகள் எல்லாம் போய், ஒற்றைச் சிவப்பு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

நாவுலையைத் தாண்டி, நீர்த்தேக்கத்துப் பக்கம் ஒரு விவசாயி தன் மேட்டுக்காணியில் கூடாரம் அடிக்க இடம் விடுகிறார். அங்கேதான் இருந்தோம்: அக்கா, நான், என் மனைவி, அவளுடைய தம்பியான என் மச்சான். மழை இல்லாத மாதம். தண்ணீர் தூரமாகப் பின்வாங்கி, நடுவில் காய்ந்த புல்வெளி விரிந்து கிடந்தது. வேன் இறங்க வழியில்லை. காணிக்காரர் குறுக்கே பள்ளம் வெட்டி, ஆள் போக மட்டும் பலகை போட்டிருந்தார். நாற்காலி அந்தப் பலகையில் ஏறும், புல்வெளியிலும் ஓடும். பேட்டரியில் உயிர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்காவுக்கு முதுகெலும்பில் வந்த நோயால் கால் இரண்டும் ஓய்ந்து பல வருஷம். அதற்குப் பிறகு மாத்தளையில் எந்தக் கல்யாண மண்டபத்துப் படியாக இருந்தாலும் நாலு ஆம்பிளைகள் அவளை நாற்காலியோடு தூக்கித்தான் ஏற்றுவோம். “பாத்து, பாத்து” என்று நாங்கள் போடுகிற சத்தத்தில் பந்தியில் இருப்பவர்கள் சோற்றை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். தேருக்கு வடம் பிடிக்கிறவர்கள்கூட எங்களை விட அமைதியாக இழுப்பார்கள் என்பது அக்காவின் கணிப்பு. பேட்டரி நாற்காலி வந்த அன்று அவள் தன்னந்தனியாகத் தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு நெருப்புப் பெட்டி வாங்கி வந்தாள். வீட்டில் நெருப்புப் பெட்டிக்கு ஒன்றும் குறைவில்லை. வாசலில் வந்து நின்றவள் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: “சாமியத் தூக்கத்தான் நாலு பேரு வேணும். எனக்கு ஒரு பட்டன் போதும்.”

ஆட்கள் சொல்கிற இந்த மாதிரிப் பேச்சுகளுக்கு நான் அடிமை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். படித்ததெல்லாம் என் புடைவைக் கடைக்கு வருகிறவர்களின் வாயிலிருந்துதான். அதிலும் பாதி அக்காவின் வாய்.

அந்த வாய்தான் பேட்டரியையும் குடித்தது. முந்தின நாள் மாலை வந்து இறங்கியதுமே கூடாரம் கூடாரமாகக் கிளம்பிவிட்டாள். உக்குவளையிலிருந்து வந்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பம், கம்பளைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகள், புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி என்று யாரையும் விடவில்லை. புல்லில் ஓடினால் இரண்டு மடங்கு இழுக்கும் என்று நான் சொன்னேன். நாளைக்குத்தான் ஜெனரேட்டர் இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது அவள் மடியில் கருப்பட்டி மணக்க ஒரு கிண்ணம் வட்டலப்பம் இருந்தது.

ஜெனரேட்டர் மச்சானுடையது. அதற்கு ஒரு கதை உண்டு. நாடே இருட்டில் கிடந்த அந்த வருஷத்தில், மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிய நாட்களில், சேமிப்பை எல்லாம் போட்டு அதை வாங்கினான். வாங்கி வைத்தால் பெட்ரோல் இல்லை. பெட்ரோல் ஷெட் வரிசையில் இரவு பகலாகக் காத்துக் கிடந்து கொஞ்சம் கொண்டுவந்து டாங்கியில் ஊற்றினான். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எஞ்சினைப் போடாமலே வைத்தான். பிறகு பெட்ரோல் வந்தது, கூடவே கரண்டும் வந்துவிட்டது. ஜெனரேட்டர் விறாந்தையில் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்தது. அதன் மேல் குரோட்டன் தொட்டி. உறவுக்காரர்கள் வந்தால், குடிக்கவும் தெரியாத, உழைக்கவும் தெரியாத மாப்பிள்ளையை வீட்டோடு வைத்திருக்கிறாயே என்று அவனைக் கிண்டல் பண்ணுவார்கள். அவனும் சிரிப்பான். ஆனால் இந்தப் பயணத்துக்கு நாள் குறித்ததுமே தொட்டியை இறக்கிவிட்டு, துணியை எடுத்து, துடைத்து வைத்துவிட்டான்.

ஆகவே அன்று காலை சிவப்பு விளக்கைப் பார்த்து முகம் மாறியது எனக்கும் என் மனைவிக்கும்தான். மச்சான் கையை உதறிக்கொண்டு எழுந்தான். புகை கூடாரத்துக்குள் வரக்கூடாது என்று எட்டத்தில், காற்று போகிற பக்கமாக ஜெனரேட்டரை வைத்து, நீள வயரை இழுத்துவந்து அக்காவின் சார்ஜருக்குப் பக்கத்தில் போட்டான். கயிற்றைப் பிடித்து இழுத்தான். ஜெனரேட்டர் ஒரு தும்மல் தும்மியது. மறுபடி இழுத்தான். தும்மலும் இல்லை. நானும் இழுத்தேன், தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

டாங்கி மூடியைத் திறந்தபோது விஷயம் புரிந்தது. ஏதோ பழைய வார்னிஷ் மாதிரி ஒரு வாடை. உள்ளே இருந்தது அந்த வரிசைக் காலத்துப் பெட்ரோலேதான். கேனில் புதுப் பெட்ரோல் கொண்டுவந்திருந்தான், ஆனால் பழையதைக் கொட்ட மனசு வரவில்லை. எத்தனை மணி நேரம் நின்று வாங்கியது தெரியுமா என்று என்னைக் கேட்டான். எனக்குத் தெரியும். நானும் அந்த வரிசையில் நின்றவன். அந்த நாட்களில் ஒரு சொட்டு கீழே விழுந்தால் நெஞ்சில் அடித்துக்கொண்டவர்கள் நாங்கள். அதைப் போய் எடுத்துக் கொட்டு என்று சொல்ல எனக்கும் நாக்கு எழவில்லை.

அக்கா தூரத்திலிருந்து மூக்கைச் சுருக்கினாள். “தம்பி, அது பெட்ரோல் இல்ல, கஷாயம். நோயாளிக்குக் குடுத்தாலும் எந்திரிக்க மாட்டான். இறக்கு அத.”

மச்சான் இறக்கினான். பழையதை ஒரு டின்னில் வடித்து, அடியில் இருந்த திருகைத் தளர்த்தி மீதியையும் விட்டு, துணியால் துடைத்து, புதுசை ஊற்றி, கொஞ்சம் பொறுத்து இழுத்தான். ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகள் கை தட்டினார்கள். வாங்கின நாளிலிருந்து அது ஒழுங்காக ஓடி அன்றைக்குத்தான் பார்த்தோம். மச்சான் யாருக்கும் முகத்தைக் காட்டாமல் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டான்.

ஆனால் நாற்காலி சார்ஜ் ஏறவில்லை. சார்ஜரைச் சொருகினால் விளக்கு எரியும், எஞ்சின் சத்தம் தொய்யும், விளக்கு அணையும். மறுபடி எரியும், மறுபடி தொய்யும். வயரை மாற்றினோம், பிளக்கை மாற்றினோம். இந்த நேரம் பார்த்து என் மனைவி கரண்ட் கேத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தாள், ஒரு தேத்தண்ணி வைக்கலாமா என்று. அக்கா பார்த்த பார்வையில் அப்படியே திரும்பிப் போய் விறகை மூட்டினாள்.

மச்சான் புல்லில் உட்கார்ந்துவிட்டான். சார்ஜர்தான் போய்விட்டது போல, நாமே பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போவோமே அக்கா, யாரும் சத்தம் போட மாட்டோம் என்று மெதுவாகக் கேட்டான். அக்கா தலையைச் சாய்த்துக்கொண்டாள்.  

அவள் கேட்டுக்கொண்டிருந்தது எஞ்சினை. பிறகு தலையை நிமிர்த்தி, “அதுக்கு மூச்சு பத்தல” என்றாள். “சுமை வர்ற நேரம் பாத்து இழுத்துப் பிடிக்குது. அந்த ஓரத்துல இருக்குற பட்டன் என்னாத்துக்கு?”

“அது பெட்ரோல் மிச்சம் பிடிக்கக்கா. போட்டு வச்சா மெதுவா ஓடும். கம்மியாத்தான் குடிக்கும்.”

“இத்தன வருஷமா மிச்சம் பிடிச்சது போதும் தம்பி. இன்னிக்குச் செலவு பண்ணு.”

 மச்சான் எழுந்து போய்ப் பட்டனை அணைத்தான். ஜெனரேட்டர் தொண்டையைத் திறந்து கத்தியது. சார்ஜரைச் சொருகினேன். விளக்கு எரிந்தது. அணையும் என்று நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். அணையவில்லை.

பகல் முழுக்க அது கத்தியது. சத்தம் தாங்காமல் உக்குவளைக்காரர் எழுந்து வந்தார். வயரின் மறுமுனை எங்கே போகிறது என்று பார்த்தவர், போய்த் தன் குடையைக் கொண்டுவந்து சார்ஜருக்கு வெயில் படாமல் நட்டுவிட்டுப் போனார். கம்பளைப் பிள்ளைகள் போன்களை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்தார்கள். அக்கா சிங்களத்தில் அவர்களை உட்கார வைத்து, முதலில் நாற்காலி, அப்புறம்தான் போன் என்று சட்டம் போட்டாள். பெட்ரோலுக்கு நின்ற வரிசை போய், மச்சானின் ஜெனரேட்டருக்கு முன்னால் ஒரு வரிசை. நான் அதைச் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பு எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

வெயில் சாய்ந்தபோது பட்டன் பலகையில் பச்சை விளக்குகள் வந்திருந்தன. முழுசாக இல்லை, ஆனால் போய்வரப் போதும். அக்கா வயரைத் தன் கையாலேயே கழற்றினாள். கிளம்புவதற்கு முன் எங்களுக்கு ஒரு உத்தரவு போட்டாள்: எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வர வேண்டும். பழக்க தோஷத்தில் யாராவது பிடித்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

அப்படித்தான் போனோம். முன்னால் அக்கா. பின்னால் கை கட்டிக்கொண்டு நான், என் மனைவி, மச்சான், சும்மா வேடிக்கை பார்க்கச் சேர்ந்துகொண்ட பாதிக் கூடாரக்காரர்கள். பள்ளத்துப் பலகையில் நாற்காலி ஆடியபோது என் விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றை ஒன்று நெரித்தன. ஒரு இடத்தில் மண் இளகி, சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றது. மச்சானின் ஒரு கை அவிழ்ந்தது. திரும்பாமலே அக்கா, “கை” என்றாள். கை பழையபடி போய்க் கட்டிக்கொண்டது. கொஞ்சம் பின்னுக்கு எடுத்தாள், வளைத்தாள், இறுகின மண்ணில் ஏற்றினாள், ஏறிவிட்டாள்.

தண்ணீர் விளிம்பில் முன்சக்கரம் இரண்டும் நனைகிற இடத்தில் நிறுத்தினாள். எதிரே மலைகள்.  அவள் பையிலிருந்து அந்தப் போத்தலை எடுத்தாள். பக்கவாட்டில் குனிந்து, தானே தண்ணீர் மொண்டாள். மூடியை இறுக்கி, மச்சானின் கட்டியிருந்த கையை அவிழ்க்கச் சொல்லி, அதில் வைத்தாள். பிறகு பட்டன் பலகையில் பச்சை விளக்குகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, நாற்காலியைக் கரையோரமாகத் திருப்பி, கைப்பிடி விசையை முழுசாக முன்னுக்குத் தள்ளினாள்.