போட் மெயிலின் கடைசிப் பெட்டி

என் மாமனாரை நினைத்தால் முதலில் கண்ணில் தெரிவது அவருடைய வெள்ளைக் கோட்டின் பித்தளைப் பொத்தான்கள்தான். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பிறகும், பாம்பன் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவற்றைப் புளி வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார். கை தேய்க்கும்போதே வாய் வெள்ளைக்காரன் காலத்து ரயிலைப் பற்றிப் பேசும். தனுஷ்கோடி வரை வந்து, பயணிகளை இலங்கைக் கப்பலில் ஏற்றிவிட்ட போட் மெயில். அதன் சாப்பாட்டுப் பெட்டியில் விரித்த வெள்ளைத் துணி. கப்பலுக்கு வழிவிட்டு நடுவில் இரண்டாகப் பிளந்து உயரும் பாம்பன் பாலம். இத்தனைக்கும் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது வெள்ளைக்காரன் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அவருடைய தகப்பனார் சொன்னதையெல்லாம் தன் கண்ணால் கண்டதுபோலச் சொன்னார். தான் பார்க்காத எஜமானனுக்காக ஏங்கிய மனிதர் அவர். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. இன்றுவரை பிடிக்கவில்லை.

அவருக்கும் என்னைப் பிடிக்காது. அவர் மகன் என்னை விரும்பிக் கட்டிக்கொண்டது முதல் காரணம்; என் அம்மா இரண்டாவது. அம்மாவின் தாத்தா முதுகுளத்தூர்ப் பக்கத்து வறண்ட காட்டிலிருந்து, மழை பொய்த்த ஒரு வருஷம், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அம்மா அங்கே பிறந்து, சிறுமியாக இருந்தபோது குடும்பத்தோடு திருப்பி அனுப்பப்பட்டு, ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு சொந்த ஊர் போய்ச் சேர்ந்தவர். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து மாமனார் அம்மாவின் பெயரைச் சொன்னதில்லை. “ஏலே, கேம்ப்புலருந்து ஆளு வந்திருக்கு பாரு” என்று என் கணவரிடம் சத்தமாகச் சொல்வார். அம்மா தான் கொண்டுவந்த மிளகாய் வற்றல் பையை வாசலிலேயே வைத்துவிட்டு, “நல்லாருக்கீகளா சம்பந்தி?” என்று கேட்பார். மாமனார் பொத்தானைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

பழைய பாலத்தில் ரயில் நின்றுபோன பிறகு, மதுரையிலிருந்து ரயில் பிரியர்கள் சிலர் வந்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் அந்தப் பாலத்துக்கு ஒரு விழா எடுத்தார்கள். மாமனார்தான் சிறப்பு விருந்தினர். பள்ளிக்கூட டீச்சர் என்பதால் நன்றியுரையை என் தலையில் கட்டினார்கள். மகள் மைக்கில் பேசுவதைப் பார்க்க அம்மா பஸ் ஏறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கோட்டுப் போட்டுக்கொண்டு மாமனார் அருமையாகத்தான் பேசினார். கடைசியில் கூட்டத்திலிருந்து ஒருவர், தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளும் அதே ரயிலில்தான் போனார்களா என்று கேட்டார்.

“அதுகளும்தான். கடைசிப் பெட்டியில ஆடுமாடு கணக்கா அடைச்சு வரும். வெள்ளைக்காரன் சுத்தக்காரன்ல? மண்டபம் கேம்ப்புல எறக்கி, மருந்துத் தண்ணியில முக்கி எடுத்துத்தான் கப்பலேத்துவான்” என்றார் மாமனார்.

கூட்டம் சிரித்தது. அம்மா மடியில் இருந்த கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். என் முறை வந்தது. எழுதி வைத்திருந்த எதையும் நான் படிக்கவில்லை. “மாமா ஆடுமாடுன்னு சொன்னது எங்கம்மாவோட தாத்தாவை. அவரு பேத்தி இங்க முன்னாடி உக்காந்திருக்காக. எல்லாரும் ஒருதரம் பாத்துக்கங்க. நன்றி” என்று சொல்லிவிட்டு இறங்கி, அம்மாவின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் அம்மா வாய் திறந்தார். “கேம்ப்புல துணியெல்லாம் வாங்கி அவிச்சுத்தான் கொடுத்தாகளாம். ஈரத்தோட கட்டிக்கிட்டுக் கப்பல்ல ஏறுனேன்னு தாத்தா சொல்லுவாரு. கடைசி வரைக்கும் அவருக்கு அந்தக் குளிருதான் ஞாபகம்.” இதை அதற்கு முன் என்னிடம்கூட அவர் சொன்னதில்லை.

வீட்டில் மாமனார் என்னோடு பேச்சை நிறுத்தினார். “அப்பாவுக்கு வயசாச்சு, விட்டுரு” என்றார் கணவர். “எங்கம்மாவுக்கும் வயசாச்சு” என்றேன். அந்த மாதமே ராமநாதபுரத்தில் வாடகை வீடு பார்த்துக் குடிபோனோம். அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

புதிய பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியதும் அவரே மகனுக்குப் போன் செய்தார். எல்லோரும் சேர்ந்து ஒருமுறை போய்வர வேண்டுமாம், என் அம்மாவையும் கூட்டிவர வேண்டுமாம். இறங்கி வருகிறார் என்று கணவர் மகிழ்ந்தார். நான் நம்பவில்லை. அம்மாதான், “கூப்புட்ட எடத்துக்குப் போகாட்டி நல்லாருக்காதுடி, வாரேன்னு சொல்லு” என்றார்.

ராமேஸ்வரத்தில் ஏறினோம். மாமனாரும் அம்மாவும் எதிரெதிரே, ஜன்னலோரம். பாம்பன் தாண்டி ரயில் கடலுக்கு மேலே ஊர்ந்தது. பக்கத்திலேயே பழைய பாலம், துருவேறி, எங்களோடு கூடவே வந்தது. மாமனார் கண் கலங்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒரு கணம் நானும் ஏமாந்துதான் போனேன்.

“பாத்தீகளா?” என்றார் அம்மாவிடம். “வெள்ளைக்காரன் கட்டுனது எப்படி நிக்கிது! அவன் மட்டும் இல்லேன்னா ஒங்க ஆளுக பூரா அந்தக் காட்டுலயே பட்டினி கெடந்து செத்திருப்பீக.”

அம்மா எழுந்து, கம்பியைப் பிடித்தபடி நடந்து, எதிர்ப்பக்கத்து ஜன்னலில் போய் உட்கார்ந்தார். அங்கே பழைய பாலம் தெரியவில்லை, வெறும் கடல்தான். நானும் எழுந்து போனேன். எனக்குப் பின்னால் மாமனார் காலி இருக்கையைப் பார்த்து இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

“இங்கன காத்து நல்லா வருது” என்றார் அம்மா, எனக்கு இடம்விட்டு நகர்ந்தபடி.