வெறுங்கால் ஓட்டம்

நான் நாலாம் ஆண்டு படித்த வருடம், சித்திரைப் புதுவருட விளையாட்டுப் போட்டியில் நூறு மீற்றர் ஓடியே தீருவேன் என்று வீட்டில் அடம்பிடித்தேன். அம்மா மறுக்கவில்லை. காலில் செருப்பு இருக்கவேண்டும் என்றார், அவ்வளவுதான்.

கிணற்றடிக்குப் போகவும் பிள்ளைகளைச் செருப்புப் போடச் சொல்லுகிற தாய் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான். காரணம் கேட்டால் ஆணி என்பார், போத்தல் ஓடு என்பார், நெருஞ்சி முள் என்பார். சப்பாத்து வாங்க வசதியில்லை. செருப்பைச் சணல் கயிற்றால் காலோடு கட்டி ஓடிப்பார்த்தேன். முற்றத்தைத் தாண்டும் முன்பே குப்புற விழுந்தேன். முழங்காலில் தோல் உரிந்ததை அம்மா பொருட்படுத்தவில்லை. பாதத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கடைசியில் சின்ன மாமாதான் எனக்காகப் பேசினார். அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். வலது முழங்காலுக்குக் கீழே அவருக்குப் பொய்க்கால்.

"அக்கா, நான் நிலத்தைத் துப்புரவாப் பாத்துத் தாறன். பிறகு அவளை விடுங்கோ."

அம்மா குனிந்து அடுப்பை ஊதினார். எங்கள் வீட்டில் அது அரைச் சம்மதம்.

போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் மாமாவோடு திடலுக்குப் போனேன். மிதிவெடிகளை எல்லாம் எடுத்து முடித்து, ஊரே விளையாடிக்கொண்டிருந்த திடல்தான் அது. மாமா பழுதான ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி, ஓடுபாதை நெடுக இழுத்துக்கொண்டு நடந்தார். துருப்பிடித்த ஆணிகளும் கம்பித் துண்டுகளும் பலாப்பழத்தில் ஈ மொய்த்த மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தன. பழைய இரும்புக்காரருக்கு விற்கவா என்று கேட்டேன். உனக்கு மாப்பிள்ளை பார்க்க என்றார்.

அதன் பிறகு செய்ததுதான் எனக்குப் பெரிய புதினம். செருப்பைக் கழற்றிவிட்டு, பாதையின் தொடக்கத்திலிருந்து மறுபடி நடந்தார். பொய்க்காலை முன்னே வைத்து, அழுத்தி, மண்ணில் தேய்த்துப் பார்ப்பார். பிறகு நல்ல காலை அதே தடத்தில் வைப்பார். ஓரிடத்தில் போத்தல் ஓடு ஒன்று பொய்ப்பாதத்தில் ஏறி நின்றது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சிரித்தார்.

"பாத்தியே, இதுக்கு நோகாது."

அப்படி ஒரு கால் எனக்கும் இருந்தால் அம்மாவின் தொல்லையே இல்லை என்று உண்மையாகவே பொறாமைப்பட்டேன்.

"நீ என்ர அடியிலதான் காலை வைக்கவேணும். வெளியில வைக்கப்படாது, என்ன?" என்றார் மாமா. நல்ல விளையாட்டு என்று நினைத்து, அவர் தடங்களில் எட்டி எட்டி மிதித்துக்கொண்டு பின்னால் போனேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால், அம்மா வந்துகொண்டிருக்கிறார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், அவரும் அதே தடங்களிலேயே காலை வைத்து வந்தார்.

"மாமா, அம்மாவும் விளையாடுறா!" என்று கத்தினேன். மாமா திரும்பிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் வெறுங்காலோடு ஓடி மூன்றாவதாக வந்தேன். மண் கொதித்தது, ஒரு முள்கூடக் குத்தவில்லை. பரிசாகக் கிடைத்த சோப்புப் பெட்டியோடு அம்மாவிடம் போனால், அவர் அதைப் பார்க்கவேயில்லை. என்னை நிழலில் இருத்தி, இரண்டு பாதங்களையும் மடியில் தூக்கி வைத்து, கையால் மண்ணைத் தட்டினார்.

"ஓடேக்க கீழ நிலத்தைப் பாத்தனியோ?"

"இல்லை."

"பாக்காமலே ஓடினனியோ?"

ஓம் என்றேன். அவர் என் கால்களை நெடுநேரம் மடியிலேயே வைத்திருந்தார். எனக்குச் சரியான கோபம்.

மீள்குடியேறிய புதிதில் விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடியில் மாமாவின் கால் போனது எனக்கு முன்னமே தெரியும். அன்று அவருக்குப் பின்னால் அம்மாவும் போயிருந்தார் என்பதை நான் பெரியவளான பிறகுதான் மாமா சொன்னார். கத்துகிற தம்பியை அங்கேயே விட்டுவிட்டு, ஆள் கூட்டிவர அம்மா தனியே திரும்பியிருக்கிறார். ஓட முடியவில்லை. வந்த தடங்களைத் தேடித் தேடி, ஒவ்வொன்றாகக் காலை வைத்து நடந்துதான் வந்திருக்கிறார்.

பார்க்காமலே ஓடினாயா என்று அம்மா கேட்டது ஏச்சு என்றுதான் நான் அன்று நினைத்திருந்தேன்.