அக்கா கொடுத்த கிழங்கு

கணபதி பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா, உடுமலைப்பேட்டையில் இருக்கும் தன் அண்ணன் தோட்டத்திலிருந்து ஒரு பை நிறைய சர்க்கரைவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார். அன்று மாலை கணவரின் நண்பர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கிழங்கை விரல் நீளத்துக்கு நறுக்கி, எண்ணெயும் மிளகுத்தூளும் சேர்த்துப் பிரட்டி, புதிதாக வாங்கிய ஏர் ஃபிரையரில் வைத்தேன். ஓரம் முறுகி, உள்ளே வெண்ணெய் போல வெந்திருந்தது.

"என்ன இனிப்புங்க! எங்கீங்க வாங்குனீங்க?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"ஆர்கானிக் கடைலீங்க," என்றேன், வாய் கூசாமல். வேலைக்கு வருபவர் கொடுத்தது என்று சொல்ல ஏனோ கௌரவம் தடுத்தது.

அந்த அம்மா அதோடு விடவில்லை. தட்டை வைக்கச் சமையலறைக்கு வந்தவர், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடமே எந்தக் கடை என்று விசாரித்தார். பின்னாலேயே வந்து நின்ற என்னை அக்கா ஒரு முறை பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க. அம்மணிதான் வாங்கியாந்தாங்க."

எல்லோரும் போன பிறகு, "அக்கா, நான் அப்படிச் சொல்லிப்போட்டேனுங்க..." என்று இழுத்தேன்.

"உடுங்க அம்மணி. கிழங்கு நல்லா இருந்துச்சுங்களா?"

அவருக்கு ஒரு துண்டுகூட நான் எடுத்துவைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.