மச்சான் பேர் போட்ட ரேஸ் சைக்கிள்

எம். புதுப்பட்டி கீழத்தெரு ஊர்க்காவலனுக்கு ஒரு கிடாய் மேல் ஆசை இருந்தது. பங்குனிப் பொங்கலுக்கு ஊரில் சைக்கிள் பந்தயம் விடுவார்கள். அம்மன் கோயில் வாசலில் கிளம்பி, சிவகாசி ரோட்டில் ஆறு மைல் போய், அந்த ஆறு மைலையும் திரும்ப மிதித்து வரவேண்டும். முதலாவது வருகிறவனுக்குக் கொம்பில் மாலை சுற்றிய கிடாய். இரண்டாவது வருகிறவனுக்கு எவர்சில்வர் குடம். ஊர்க்காவலன் வீட்டில் அந்தக் குடம் மூன்று இருந்தது.

குழாயடியில் பொன்னுத்தங்கம் அவன் பெண்டாட்டியைப் பார்த்தால் விடமாட்டாள்.

"ஏட்டி பாண்டிச்செல்வி, நாலாவது குடம் எப்ப வருது? எங்க வீட்டுது ஓட்டையாப் போச்சு. சொல்லி வைக்கேன்."

"இந்த வருசம் குடம் வராதுக்கா, கறிதான் வரும். சட்டியக் கழுவி வையிங்க" என்பாள் பாண்டிச்செல்வி. போன வருசமும் இதையேதான் சொன்னாள்.

வருசா வருசம் கிடாயைப் பிடித்துக்கொண்டு போகிறவன் மேலத்தெரு சுந்தரபாண்டி. வேற்றாளில்லை, ஊர்க்காவலனுக்குப் பெரியம்மா மகன்தான். அவன் கூடப்பிறந்த அண்ணன் கோயமுத்தூர் மில்லில் இருந்துகொண்டு, ஒற்றைக் கையால் தூக்குகிற மாதிரி ஒரு சைக்கிள் கொண்டுவந்து கொடுத்திருந்தான். ஊர்க்காவலன் காலிலும் பலத்துக்குக் குறைவில்லை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை. விடியத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். மற்றவர்கள் வேனில் போக, இவன் சைக்கிளில் போய், கை நிறைய வெள்ளிப் பொடி மினுங்க சைக்கிளிலேயே திரும்புவான். குறை சைக்கிளில்தான் இருந்தது. அதன் கனம் அப்படி.

அதை அவனுக்குக் கொடுத்தது பாண்டிச்செல்வியின் ஒரே அண்ணன் காளிராஜ். இரண்டாயிரத்து ஒன்றில் கல்யாணம். ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி ஹேண்டில் வளைந்த சிவப்பு சைக்கிளைப் பந்தலுக்குள்ளேயே உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். காளிராஜுக்குச் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் லேபிள் அடிக்கிற மிசினில் வேலை. அதனால் அவன் கொடுக்கிற எதுவும் ஸ்டிக்கர் இல்லாமல் வராது. "அன்பளிப்பு: பெ. காளிராஜ், சிவகாசி" என்று மஞ்சளில் சிவப்பு எழுத்து. தூக்குச்சட்டியில் ஒன்று, சுவர்க்கடிகாரத்தில் ஒன்று, தங்கச்சி மகள் எழிலுக்கு வாங்கிவந்த தொட்டில் கம்பில் ஒன்று. பிள்ளைக்குத்தான் ஒட்டவில்லை. சைக்கிளில் மட்டும் நாலு இருந்தது: ஹேண்டிலில், சீட்டுக்குப் பின்னால், மட்கார்டில். நாலாவதாக, பிரேமின் நடுக்குழாயில் ஒரு சாண் நீளத்துக்குப் பெரிசாக ஒன்று.

வீட்டுக்கு வந்தால் காளிராஜ் முதலில் சைக்கிளிடம்தான் போவான். "நாலும் இருக்கா மாப்பிள்ளை?" என்பான். எண்ணி முடித்துவிட்டுத்தான் தங்கச்சியிடம் சுகம் கேட்பான்.

மூன்றாவது குடம் வந்த மறுநாள், ஊர்க்காவலன் சிவகாசிக்குப் போய் சைக்கிள் கடை சீனிவாசகத்திடம் யோசனை கேட்டான்.

"இது பழகுறவுக ஓட்டுற வண்டி" என்றார் சீனிவாசகம். "இதுக்கு ஒண்ணொண்ணா மாத்துற நேரத்துக்குப் புதுசாவே ஒண்ணு எடுத்துரலாம்."

"புதுசு எடுத்தா எங்க மச்சான் வாசப்படி மிதிக்க மாட்டாக அண்ணாச்சி."

அது உண்மை. காளிராஜின் சித்தி வீட்டில் அவன் கொடுத்த கடிகாரத்தைக் கடையில் போட்டுவிட்டுப் பெரிசாக வேறொன்று வாங்கினார்கள். பழையதைக் கொடுத்துப் புதுசு வாங்குவது ஊரில் இல்லாத வழக்கமா? ஆனால் காளிராஜ் அந்த வீட்டுக் கல்யாணத்துக்கே போகவில்லை. இப்போது எழிலுக்கு மூன்று வயசு. அடுத்த பங்குனிப் பொங்கல் முடிந்து வருகிற சித்திரையில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும், இருப்பதோ ஒரு மாமன். அவனும் முறுக்கிக்கொண்டால் பிள்ளையை எந்த மடியில் உட்காரவைக்க?

அதனால் ஊர்க்காவலன் ஒண்ணொண்ணாகவே மாற்றினான். முதலில் டயரும் ரிம்மும். அதில் ஸ்டிக்கர் இல்லை, தொந்தரவில்லை. அப்புறம் ஹேண்டில். பழசில் இருந்த ஸ்டிக்கரைச் சூடுகாட்டி நோகாமல் உரித்து, புதுசில் ஒட்டினான். அப்புறம் சீட்டு. கனம் குறைய மட்கார்டைக் கழற்றியே போட்டுவிட்டான். அதில் இருந்த ஸ்டிக்கருக்கு வீடில்லாமல் போனதால் சீட்டுக்கு அடியில் குடிவைத்தான். காளிராஜ் வந்தான், குனிந்தான், நாலு என்று எண்ணினான். "நல்லா வச்சிருக்கீக" என்று காப்பி குடித்துவிட்டுப் போனான்.

மிச்சம் இருந்தது பிரேம்.

"அதுதான் வண்டி" என்றார் சீனிவாசகம். "மதுரையில ஒரு ரேஸ்காரர் வித்த பிரேம் வந்திருக்கு. பாதிக் கனங்கூட இல்ல. அதே செவப்பு அடிச்சுத் தாரேன். வேண்டாம்னா விடு. இந்தப் பழசு இருக்கிற வரைக்கும் உனக்குக் குடம்தான்."

ஊர்க்காவலன் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. டயரை மாற்றினால் ரிப்பேர் என்று சொல்லிக்கொள்ளலாம். பிரேமை மாற்றினால் மச்சான் கொடுத்ததில் மணிகூட மிஞ்சாது. கடைசியில் கிடாய்தான் ஜெயித்தது. மாசி மாதம் ஒருநாள், பாண்டிச்செல்வி பட்டாசுக் கம்பெனிக்கு லேபிள் ஒட்டுகிற வேலைக்குப் போன நேரத்தில், சைக்கிளைச் சமையல்கட்டு வரை உருட்டிவந்து, கொதிக்கிற உலைப்பானை ஆவியில் நடுக்குழாயைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அன்றைக்குப் பார்த்து லேபிள் லோடு வராமல் கம்பெனியில் பாதி நாளோடு விட்டுவிட்டார்கள். பாண்டிச்செல்வி உள்ளே வந்தாள். உலையைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள்.

"ஆவியில காட்டினா மை எளகிரும். வெந்நீர்த் துணியப் போடுங்க."

அவன் சைக்கிளை ஆவியிலிருந்து பின்னால் இழுத்தான்.

"ஹேண்டிலும் சீட்டும் மாத்தினது எனக்குத் தெரியாதாக்கும். ஒரு நாளைக்கு ஆயிரம் லேபிள் ஒட்டுற கை இது. ஸ்டிக்கர் ஓரமெல்லாம் உங்க வெள்ளிப் பொடி கைரேகை. எங்கண்ணனுக்கு எண்ணத்தான் தெரியும், பாக்கத் தெரியாது. தள்ளுங்க அங்கன."

துணியை நனைத்துப் பிழிந்து குழாயில் சுற்றினாள். கொஞ்ச நேரம் விட்டு நகத்தால் மூலையை எழுப்பி, புண்ணில் ஒட்டின துணியை எடுக்கிற பதனத்தில் உரித்தாள். முழுசாக வந்துவிட்டது. அதற்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கர் இருந்தது. காளிராஜ் வேலை பார்க்கிற அச்சகத்தின் பேர். கீழே, "பத்தாண்டு நற்பணிக்காக நிர்வாகத்தின் அன்புப் பரிசு".

இரண்டு பேரும் எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். ஊர்க்காவலன் மறுபடியும் ஒருதரம் வாசித்தான், ருசிக்காக.

"ஓசியில வந்த வண்டி" என்றான். "மொதலாளி பேருக்கு மேல தம் பேரை ஒட்டிப் பந்தலுக்குள்ள உருட்டிட்டு வந்திருக்காரு மச்சான். ஆறு வருசமா நானும் விழுந்து விழுந்து கும்பிடு போட்டிருக்கேன்."

"அவுகளுக்குச் சைக்கிள் விடத் தெரியாது. வேற என்ன செய்வாக" என்றாள் பாண்டிச்செல்வி. முகம் சிவந்திருந்தது. அண்ணனை நினைத்து வெட்கமா, சிரிப்பை அடக்கினாளா, சொல்லமுடியாது.

"இனி என்ன பயம்? இதக் கொண்டுபோயி அவுக முன்னால நீட்டினா..."

"நீட்டுவீக. நீட்டிட்டுக் காதுகுத்துக்கு ஆரு மடிக்குப் போவீக? மொகஞ் செத்துப்போன மனுசன் மடியிலயா எம்பிள்ளைய உக்கார வைக்க? ஒண்ணும் பேசாம ரெண்டையும் புதுப் பிரேமுல ஒட்டணும். அடியில இருந்தது அடியில, மேல இருந்தது மேல."

"அடியில இருக்கது ஆருக்குத் தெரியப் போவுது?"

"தெரிஞ்சவுக ஒருத்தர் இருக்காகல்ல" என்றாள் அவள். பசை காய்ச்ச மைதா எடுக்கப் போய்விட்டாள்.

பங்குனிப் பொங்கலன்று காளிராஜ் வேட்டி மடிப்புக் கலையாமல் பஸ்ஸில் வந்து இறங்கினான். பந்தயத்தில் போகிற ஆறு மைலும் சுந்தரபாண்டி முன்னால் போனான். திரும்புகிற ஆறு மைலில் ஊர்க்காவலன் அவனைத் தொட்டான். கண்மாய்க்கரை ஏற்றத்தில் தாண்டினான். கோயில் வாசலுக்கு நாலு சைக்கிள் நீளம் முந்தி வந்தான். காளிராஜ் மைக் வைத்திருந்த ஆளிடமிருந்து மைக்கை வாங்கி, இந்தச் சைக்கிள் யார் கொடுத்தது என்பதை ஊருக்கு மூன்று தடவை சொன்னான். கிடாயின் கயிற்றையும் அவனே பிடித்துக்கொண்டான்.

சுந்தரபாண்டி முகம் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்தான்.

"மச்சான், நீங்க கொடுத்த வண்டி ஏத்தத்துல இப்படிப் பறக்குமாக்கும்? தூக்கிப் பாருங்க. பிரேமையே மாத்திட்டான். உங்க பேரை மட்டும் பிச்சு ஒட்டியிருக்கான். உங்களக் கேனையன்னு நினைச்சிட்டான்."

காளிராஜ் கிடாயை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுச் சைக்கிளிடம் போனான். நாலையும் எண்ணினான். ஒரு கையால் தூக்கினான். தூக்கின வேகத்தில் கையே மேலே போய்விட்டது. கீழே வைத்தான். ஊர்க்காவலனுக்குப் பன்னிரண்டு மைலில் வராத வேர்வை அப்போதுதான் வந்தது. எழிலை இடுப்பில் வைத்திருந்த பாண்டிச்செல்வி பிள்ளையின் சட்டைப் பித்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டாள்.

காளிராஜ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். முதுகால் எல்லாரையும் மறைத்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தான். பெரிய ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் மெல்லக் கிளப்பினான். ஒரு விரல் அகலம் கிளப்பி உள்ளே எட்டிப் பார்த்தான். பார்த்த வேகத்தில் உள்ளங்கையால் பொத்தினான். எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"ஏலே சுந்தரபாண்டி, தோத்தா தோத்தேன்னு ஒத்துக்கிடணும். குடும்பத்துல மூட்டிவிடுற சோலியெல்லாம் எங்கிட்ட வேண்டாம். இது நான் கொடுத்த வண்டிதான். எனக்குத் தெரியும்."

"என்ன வச்சுச் சொல்லுதீக?"

"எனக்குத் தெரியும்னு சொல்லுதேன்ல."

சுந்தரபாண்டி கிடாயோடு நின்றான். அது அவன் துண்டைத் தின்றுகொண்டிருந்தது.

"மாப்பிள்ளை" என்றான் காளிராஜ், "காதுகுத்துக்கு நான் முந்தின நாளே வந்துருதேன். தாயி, இங்கன மூலை லேசாத் தூக்கியிருக்கு பாரு. பசை இருந்தா கொண்டா."

பாண்டிச்செல்வி பிள்ளையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பசைக் கிண்ணத்தோடு வந்தாள். விரலில் தொட்டு மூலைக்கு அடியில் தடவினவள், தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அண்ணே, இதுக்கு அடியில இன்னொரு எழுத்து இருக்காப்பிலருக்கே?"

"அதா" என்றான் காளிராஜ். எழிலை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். "மிசின் கோளாறும்மா. சீசன் நேரத்துல பேப்பர் ரெண்டு ரெண்டா வந்துரும். நீ நல்லா அமுக்கி ஒட்டு."

"சரிண்ணே" என்று அவள் அமுக்கி ஒட்டினாள். ஊர்க்காவலன் கிடாய்க்குத் தண்ணி காட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டான்.