பதினைந்து எச்.பி. கான்டாக்டர்

அருப்புக்கோட்டைப் பக்கத்து மில்காரர்களுக்கு எலக்ட்ரீசியன் மருதுபாண்டி என்றால் பயம். மோட்டாருக்குக் கான்டாக்டர் மாற்ற வந்தால், எத்தனை எச்.பி. என்று முதலில் கேட்கமாட்டான். "மணிக்கு எத்தனை தடவை பட்டனத் தட்டுவீக?" என்பான். அதெல்லாம் யாருய்யா எண்ணுறது என்று சிரித்த ஒரு சூப்பர்வைசரின் மண்டையைப் பழைய கான்டாக்டராலேயே உடைத்திருக்கிறான். அவனை ஏசுமுன் இதைக் கேளுங்கள்.

பந்தல்குடி ரோட்டில் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஒரு ஜின்னிங் மில். முன்பு அங்கே இவன்தான் எலக்ட்ரீசியன்; பருத்தி உருளையில் வேலைக்கு நின்றவள் இவனுடைய அக்கா முருகலட்சுமி. உருளை அடிக்கடி அடைத்துக்கொள்ளும். பட்டனைத் தட்டினால் அரைச்சுற்று சுற்றும், விரலை எடுத்தால் நிற்கும். உடனே கையை விட்டு அடைப்பைப் பிடுங்குவார்கள். மணிக்கு நூறு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிப்பது கான்டாக்டர். மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கரண்டோ பேய்க் கரண்டு. கான்டாக்டருக்குள் கரண்டு சேருகிற பாயிண்டுகள் கருகிக்கொண்டே வரும்.

"பெரிய சைஸாப் போடணும் சார்" என்றான் மருதுபாண்டி.

"பதினஞ்சு எச்.பி. மோட்டாருக்குப் பதினஞ்சு எச்.பி. கான்டாக்டர். பெட்டியிலயே போட்டிருக்கான். ஒனக்கு என்னடா தெரியும்?" என்றான் மேனேஜர் சங்கர்.

மருதுபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு அதையே மாட்டினான்.

பதினோராம் நாள் பாயிண்டுகள் உருகி ஒட்டிக்கொண்டன, கரண்டு பிரியவில்லை. பட்டனிலிருந்து விரலை எடுத்த கையோடு அக்கா வலக்கையை உள்ளே விட்டாள், உருளை நிற்கவில்லை. ஐயோ, அந்த அலறல்! பக்கத்தில் நின்றவள் மோட்டாரை நிறுத்துகிற சிவப்புப் பட்டனைக் குத்து குத்தென்று குத்துகிறாள், சனியன் பிடித்த மோட்டார் அதுபாட்டுக்கு ஓடுகிறது. இவன் பாய்ந்து மெயினை இறக்குவதற்குள் முழங்கை வரை போய்விட்டது. பஞ்செல்லாம் ரத்தம்.

சங்கரைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து ஸ்பானரால் அடித்தான். பல் தெறித்தது, தாடை உடைந்தது. நாலு பேர் அமுக்கிப் பிடித்தும் காலால் உதைத்தான். அந்தப் பயலுக்கு நல்லா வேணும்.

ஜாமீனில் வந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

"அக்கா, அவன் தாடைய ஒடைச்சுட்டேன்க்கா."

"அந்தச் சாமான் தாங்காதுன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா. சொன்னேன், அவன்தான் கேக்கல."

"அவன்கிட்டச் சொன்ன. என்கிட்டச் சொன்னியாடா?"

முருகலட்சுமி மிச்சமிருந்த இடக்கையால் தம்பியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். அவன் முகத்தைத் திருப்பவில்லை.