மணத்துக்கொண்டு வந்த றெக்கோட்

சாய்ந்தமருதில் ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் ஜவுபர் காக்காவுக்குக் காது மிகவும் கூர்மை. கல்யாண வீட்டில் நூறு பேர் கத்திக்கொண்டிருந்தாலும், எந்த ஸ்பீக்கரில் வயர் தளர்ந்திருக்கிறது என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிசன் தன் வாப்பாவின் குரலை ஒருநாளும் கேட்டதில்லை.

அவருடைய கடைக்கு அடுத்ததாகப் போட்டோகொப்பிக் கடை வைத்திருப்பவன் நான், அஸ்கி. பதினாறு வருடமாக அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டு, அவருடைய புலம்பலையெல்லாம் காசில்லாமல் கேட்டவன். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

வாப்பா சீனிமுகம்மது இளவயதில் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றவர். நல்ல குரல் என்று யாரோ கூட்டிக்கொண்டு போய் இசைத்தட்டு அடிக்கும் ஒரு றெக்கோட் கம்பனியில் பாட வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் நபிகள் நாயகத்தைப் புகழ்ந்து அவர் பாடிய பாட்டு, மறுபக்கத்தில் வேறொருவர் பாடியது. அந்த ஒரு பாட்டோடு சரி. ஊருக்கு வந்து, கல்யாணம் முடித்து, முப்பத்திரண்டு வயதில் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். மூத்த மகள், ஜவுபர் காக்காவின் ராத்தா சித்தி லைலாவுக்கு அப்போது ஏழு வயது. ஜவுபர் காக்கா பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

வீட்டில் அந்த றெக்கோட் இரண்டு இருந்ததாம். உம்மா துக்கம் காத்து இத்தாவில் இருக்கும்போதே பெரியவாப்பா வந்து, “மௌத்தான ஆள்ர குரல் ஊட்டுக்குள்ள பாடினா கபுறுக்குள்ள அவருக்குத்தான் வேதனை” என்று சொல்லி இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எந்தக் கிதாபில் ஓதினாரோ தெரியாது. எங்கே போட்டார் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. அந்த மனிசனை நினைத்தால் எனக்கு இப்போதும் பத்திக்கொண்டு வரும்.

பெரியவனானதும் ஜவுபர் காக்கா தேடத் தொடங்கினார். தேடிப் போன இடத்திலெல்லாம் கிடைத்த பழைய றெக்கோட்டுகளை வாங்கி வாங்கி இருநூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது, வாப்பாவுடையது மட்டும் இல்லை. அத்தனையையும் சுனாமி கொண்டுபோனது. பெண்சாதி பிள்ளைகள் தப்பியதற்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு மனிசன் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். “எனக்கு முந்தியே இவருக்கு ஒரு பொஞ்சாதி இரிக்கி, கறுப்பா, வட்டமா” என்று அவருடைய மனைவி நஜ்லா சொல்லிச் சிரிப்பார்.

பேஸ்புக்கில் விபரம் போட்டவன் நான்தான். போன வருடம் புத்தளத்திலிருந்து மீராசாஹிபு என்ற இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் அழைத்தார். அந்த றெக்கோட் தன்னிடம் இருக்கிறது என்றார். ஜவுபர் காக்கா போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, விலை எவ்வளவு என்று கேட்டார்.

“மகன் வாப்பாட குரலக் கேக்கிறதுக்கு விலையா தம்பி? எனக்காக ஒரு துஆ செய்ங்க, போதும். இப்பவே போன்ல போட்டுக் காட்டவா?”

“வேணாம் சேர். ராத்தாவோட ஒண்டா இருந்துதான் மொதத் தரம் கேக்கணும்.”

பிறகு எப்படிப் பொதி செய்வது என்று ஜவுபர் காக்கா பாடம் நடத்தினார். இரண்டு பக்கமும் பலகை, அதற்குள் பஞ்சு, நடுவில் ஆடாமல் அசையாமல் றெக்கோட். வாத்தியார் மாணவன் மாதிரி ஓம் ஓம் என்று கேட்டார். கடைசியில் வாத்தியார் சொன்னார்: “பெட்டிக்குள்ள ஒரு மூலை சும்மா கிடக்கு தம்பி. மகள் டோஹாவுல இருந்து கொண்டுவந்த வாசனை ஒரு போத்தல் இருக்கு. ஹதியாவா வைக்கிறன்.”

ஜவுபர் காக்கா ஏதோ கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு, “வைங்க சேர், ஜஸாகல்லாஹு கைர்” என்றார்.

அன்பளிப்பாகத் தருகிற ஹதியாவை வேண்டாம் என்று சொல்வது எங்களுக்கு வராது. அதுவும் வாப்பாவின் குரலைச் சும்மா தருகிற மனிதரிடம் எந்த முகத்தோடு சொல்வது? வாசனை என்றால் ஜவுபர் காக்காவுக்கு அத்தர், அத்தர் என்றால் எண்ணெய். மது சேர்ந்தது என்று ஸ்பிரிட் கலந்த சென்ட்டை அவர் தொடமாட்டார். தான் தொடாததை ஐந்து நேரம் தொழுகிற வேறு எவரும் தொடமாட்டார் என்று ஒரு நினைப்பு. எண்ணெயா ஸ்பிரிட்டா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அந்த மனிதரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை அனுப்பிய பார்சல், இடையில் பௌர்ணமிப் போயா லீவும் வந்ததால், புதன்கிழமைதான் வந்து சேர்ந்தது. தபால்காரர் சிரித்துக்கொண்டே நீட்டினார்: “காக்கா, ஒங்கட பார்சலால எண்ட பேக் எல்லாம் கமகமண்டு மணக்கிது.”

ஜவுபர் காக்கா சிரிக்கவில்லை. பெட்டியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார், முகம் செத்துவிட்டது. ராத்தா சித்தி லைலா ஏற்கனவே ஓட்டோவில் வந்து, நல்ல அபாயா உடுத்து, ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். “என்னடா தம்பி, தொற” என்றார்.

நான்தான் வெட்டித் திறந்தேன். பலகை உடையவில்லை, பஞ்சு நகரவில்லை. மூலையில் இருந்த போத்தலின் கழுத்து மட்டும் உடைந்திருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. எல்லாம் றெக்கோட்டின் கடதாசி உறைக்குள் இறங்கியிருந்தது. ஜவுபர் காக்கா உறையை மெதுவாக உரித்தார். கடதாசியோடு சேர்ந்து கறுப்பும் உரிந்து வந்தது.

அந்தக் காலத்து றெக்கோட் அரக்கில் செய்தது. கதவுக்குப் பொலிஷ் அடிக்கிறவரைக் கேட்டால் சொல்வார், அரக்கைக் கரைக்க அவர் ஊற்றுவது ஸ்பிரிட்தான். ஆறு நாள் அது ஊறிக் கிடந்திருக்கிறது. வாப்பா பாடிய பக்கத்தில் கோடுகள் எல்லாம் கரைந்து, விரல் பட்டால் ஒட்டியது. மற்றவர் பாடிய பக்கம் புதிசு மாதிரி மினுங்கியது. அல்லாஹ்வின் நாட்டம் என்று வாயால் சொன்னேன். மனம் ஏற்கவில்லை.

இருந்தும் அவர் கிராமபோனில் போட்டார். தகரத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். ஊசி வழுக்கி நடுவுக்கு ஓடியது. மறுபடி வைத்தார், மறுபடி ஓடியது. நாலாம் தரம் நான் அவருடைய கையைப் பிடித்தேன். அறுபத்தொரு வயது மனிசன் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார்.

“ஒரு வார்த்த கேட்டிரிக்கலாம் அஸ்கி. ஒரே ஒரு வார்த்த. எண்ட மரியாதையாலதான் எண்ட வாப்பாவ நான் எழந்தன்.”

ஆறுதல் சொன்னால் அது பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மீராசாஹிபு சேர். ஜவுபர் காக்கா அவசரமாக எடுத்ததில் ஸ்பீக்கர் பொத்தான் அமுங்கிவிட்டது.

“வந்திச்சா தம்பி? உடையாம வந்திச்சா?”

“வந்த சேர். ஒரு சின்ன வெடிப்பும் இல்ல.”

“கேட்டீங்களா?”

உள்ளதைச் சொல்லச் சொல்லி நான் சைகை காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. “கேட்டம் சேர்” என்றார். பழுதான அம்பிளிபயரைக்கூட நல்லது என்று சொல்லி வாடகைக்குக் கொடுக்காத மனிசன் அவர்.

“அனுப்ப முந்தி நானும் ஒருக்காப் போட்டுக் கேட்டன். ரெண்டாவது அடியில ஒரு இடத்தில தூக்குவாரே, என்ன குரல் தம்பி அது! நான் அழுதிட்டன்.”

“அத... போன்ல பதிஞ்சீங்களா சேர்?”

“எனக்கு அந்த வேலையெல்லாம் தெரியாது. அதுதான் உங்கட கைக்கே வந்திட்டே, இனி என்ன?”

ஜவுபர் காக்கா கண்ணைத் துடைத்தார். “சேர், அந்த இடத்த நீங்க ஒருக்காப் பாடுங்களன். உங்களுக்கு எப்பிடிக் கேட்ட எண்டு பாப்பம்.”

எனக்கென்ன குரல் என்று வாத்தியார் கூச்சப்பட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். எழுபது தாண்டிய குரல், சளி கட்டிய குரல், இரண்டே இரண்டு அடி. போன் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தும் ஜவுபர் காக்கா அதைக் காதோடு சேர்த்து அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். சலாம் சொல்லி வைத்தார். பிறகு ராத்தாவிடம் திரும்பினார்.

“ராத்தா, இந்த மெட்டா? வாப்பா இப்பிடியா பாடின? நீங்க கேட்டிரிக்கீங்கதானே.”

சித்தி லைலா ராத்தா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

“எனக்கு மறந்து பெய்த்துடா தம்பி,” என்றார். “மறந்து கனகாலம். ஒனக்கிட்ட சொல்ல மனசு வரல்ல. நானும் இண்டைக்குக் கேக்கத்தான் வந்தன்.”